பத்து நிமிடம் போட்டால் காணும்

நாள் 1

நாகப்பட்டினத்தில் காலையில் ஏறிய பயணிகள் கப்பல், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் எங்களை இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள காங்கேசன்துறையில் கொண்டுவந்து சேர்த்தது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பல் இல்லாதிருந்தால் நாங்கள் குடும்பத்தோடு வந்திருக்கவே மாட்டோம். ஏனெனில், எழுபத்திரண்டு வயதில் புதிதாக விமானம் ஏறிப் பழக வேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்று, என் கணவரின் அம்மாவான அத்தை கும்பகோணத்திலேயே முடிவாகச் சொல்லிவிட்டார்.

கணவருக்கு இங்கே இரண்டு மாதக் கட்டட மேற்பார்வை வேலை. எட்டாம் வகுப்பு மகளுக்கும் மூன்றாம் வகுப்பு மகனுக்கும் பள்ளியில் அனுமதி வாங்கி, பாடப்புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, என் தமிழாசிரியை வேலைக்கு ஊதியமில்லா விடுப்புப் போட்டுவிட்டு நானும் வந்திருக்கிறேன். வெளியிடத்தில் குடியிருப்பது எங்களுக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற வேலை ஒன்றுக்காகப் புனேயில் ஓராண்டு இருந்தோம். பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகக் கேட்பதற்கு முன், மராத்தியில் அதை வீட்டுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். மகாராஷ்டிரம் நம் நாட்டுக்குள் இருக்கும் இன்னொரு மாநிலம். இதுவோ கடல் தாண்டிய இன்னொரு நாடு. ஆயினும், துறைமுகத்தில் முதல் தமிழ்ப் பலகையைக் கண்டவுடன், அந்த ஒத்திகைக்கெல்லாம் இனித் தேவையில்லை என்ற நிம்மதி எங்கள் ஐவருக்கும் வந்துவிட்டது.

வீடு கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. முன்பாதி எங்களுக்கு, பின்பாதி வீட்டுக்காரருக்கு. ஐயா ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். அம்மா வீட்டையும் அதைச் சுற்றிய நிலமாகிய வளவையும் பார்த்துக்கொள்கிறார். வேலிக்குள் நுழைய ஒரு படலை, உள்ளே இரண்டு மா, ஒரு பலா, ஐந்து தென்னை, பின்னால் இரு வீட்டுக்கும் பொதுவான கிணறு. கிணற்றடியைக் காட்டியபோது ஐயா, “காலமை பத்து நிமிசம் மோட்டர் போட்டாக் காணும், பின்னேரம் பத்து நிமிசம் போட்டாக் காணும்” என்றார். பழைய மோட்டார் போலும்; மேல் தொட்டியில் தண்ணீரைக் காண்பதற்குப் பத்து நிமிடம் ஆகிறதாம். எங்கள் ஊர் மோட்டாருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்று கணவர் சற்றுப் பெருமையாகச் சொல்ல, ஐயா ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

நாள் 4

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் இலக்கணம் நடத்துகிறேன். சுட்டெழுத்துகள் அ, இ, உ என மூன்று என்று கரும்பலகையில் எழுதுவேன். எழுதிய கையோடு, உகரச் சுட்டு இப்போது வழக்கில் இல்லை என்று சொல்லி, மாணவர்கள் அதை மறந்துவிடவும் வழி செய்து கொடுப்பேன். இன்று காலை எதிர்வீட்டுச் சிறுமி, ஆறு வயது இருக்கும், என் மகன் கையில் இருந்த பந்தைக் காட்டி, “உதைத் தாங்கோ” என்றாள். அவன் அவள் சொன்னபடியே பந்தை ஓங்கி உதைத்தான். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. சிறுமி அழத் தொடங்கினாள். இங்கே, பேசுபவருக்கு அருகில் இருப்பது இது. தொலைவில் இருப்பது அது. எதிரில் நின்று கேட்பவரின் பக்கத்தில் இருப்பது உது. அவள் கேட்டது பந்தை. அவன் காதில் விழுந்தது கட்டளை. வழக்கொழிந்தது என்று நான் சொல்லிவந்த எழுத்து, கடல்வழியில் நான்கு மணி நேரத் தொலைவில் ஆறு வயதுக் குழந்தையின் வாயில் நன்றாகவே புழங்குகிறது. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பாடத்தைத் திருத்தி நடத்த வேண்டும்.

மகளுக்கு நேர்ந்தது இதைவிடச் சிக்கலானது. தன் வகுப்பாசிரியை முந்தைய நாள் தொலைபேசியில் தன்னுடன் அரை மணி நேரம் பேசினார் என்று வீட்டுக்கார அம்மாவிடம் மகிழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா முகம் வாடி, “அரை மணித்தியாலமோ? ஏன் பிள்ளை பேசினவ? நீர் என்ன பிழை விட்டனீர்?” என்று கேட்டாராம். இங்கே உரையாடினால் அது கதைத்தல். பேசுதல் என்றால் திட்டுதல். பதின்மூன்று வயதுப் பெண்ணை ‘நீர்’ என்று விளித்ததும் எங்களுக்கு வியப்பு. எங்கள் பக்கம் பேச்சில் ஒருவர் ஒன்று நீ, அல்லது நீங்கள். இடையில் வைத்து மதிக்க இடமில்லை. மகளுக்கு அந்த ‘நீர்’ மிகவும் பிடித்துப்போய், இரவு தம்பியை “நீர் என் பேனாவைத் தொட வேண்டாம்” என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

எரிவாயு உருளை அடுத்த கிழமை வரும் என்று கடைக்காரர் வியாழக்கிழமை சொன்னதை நம்பி, வெள்ளிக்கிழமை முழுவதும் படலையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததையும் எழுதிவைக்கிறேன். இங்கே கிழமை என்றால் வாரம்.

நாள் 7

ஒரு வாரமாகச் சாம்பார் தோற்றுக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த துவரம் பருப்பு, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும், மணல்போல நறநறக்கிறது. பழைய பருப்பு என்று ஊர்க் கடைக்காரரைக் குறை சொல்லியாயிற்று. குக்கரின் வளையத்தை மாற்றியாயிற்று. இன்று வீட்டுக்கார அம்மா வந்து, தண்ணீர் கொதிக்கும் எங்கள் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினார். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். பெய்த மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அந்த நீரில் சோப்பு சரியாக நுரைக்காது. துவரை போன்ற தடித்த பருப்புகள் எளிதில் குழையாது. இங்குள்ளவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே மைசூர்ப் பருப்போடு சமாதானம் செய்துகொண்டுவிட்டார்கள். சிவந்த, மெல்லிய அந்தப் பருப்பு கால் மணி நேரத்தில் குழைந்துவிடுகிறது. தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் சாம்பாரைத் தேட வேண்டியதில்லை என்று கணவர் சொல்கிறார். அத்தை அப்படிச் சொல்லவில்லை.

கறித்தூள் விஷயத்தில் அத்தை பணிந்துவிட்டார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்த அந்தத் தூள் ஒன்றே இங்கே பெரும்பாலான குழம்புகளுக்கும் கறிகளுக்கும் போகிறது. எங்கள் சோம்புதான் இவர்களுடைய பெருஞ்சீரகம் என்பதைக் கண்டுபிடிப்பதற்கு, கடையில் முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

நாள் 13

ஆடி அமாவாசை. ஊரில் இருந்தால் அத்தை விடியற்காலையில் காவிரிப் படித்துறைக்குப் போயிருப்பார். இங்கே ஆறு எங்கே இருக்கிறது என்று ஐயாவிடம் கேட்டார். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு என்றும், இன்று எல்லோரும் போகும் இடம் கீரிமலை என்றும் ஐயா சொன்னார். ஆறில்லாத ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அத்தை பஸ்ஸில் ஏறியபோது கேட்டதை, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே பிறந்து வாழ்ந்தவரின் கேள்வி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அலை. இந்தப் பக்கம், நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீர். பிதிர்க்கடன் செய்ய வந்தவர்களால் நகுலேஸ்வரம் கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லை. பெண்களுக்கான கேணியில் அத்தை மூன்று முறை மூழ்கி எழுந்து, உதட்டில் வழிந்த நீரைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, சுவரை எட்டிக் கடலைப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடல் ஏன் இதற்குள் வரவில்லை என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அப்போதே ஐயாவிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் பின்னால் நேர்ந்தது நேர்ந்திருக்காது. ஆனால் திரும்பும் அவசரத்தில் மறந்துவிட்டோம்.

வழியெங்கும் கூரையில்லாத வீடுகள். சுவர்களுக்குள்ளிருந்து மரம் வளர்ந்து, சன்னல் வழியாகக் கிளை வெளியே வந்திருந்தது. 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் ஊர் இது என்றும், பல ஆண்டுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து, பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்றும் பக்கத்து இருக்கையில் இருந்தவர் சொன்னார். மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பதுக்கு மேல் நிறுத்திவிட்டாள்.

நாள் 18

ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாளாகிய இன்று நல்லூரில் கொடியேறியது. இனி 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மணல் பரப்பியிருக்கிறார்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கணவர் கழற்றிய சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். அத்தை, பழக்கத்தின் காரணமாக, சிறப்பு வழிக்குச் சீட்டு எங்கே தருகிறார்கள் என்று கேட்டார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றார் ஐயா. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், இலங்கை ரூபாய். இந்தியக் கணக்கில் முப்பது காசுகூட வராது. அத்தை அந்தச் சீட்டைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார். பூசை சொன்ன நிமிடத்தில் தொடங்கிச் சொன்ன நிமிடத்தில் முடிந்தது. எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதாமல் விடுகிறேன்.

கொடியேறிய நாளிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளில் மீன் இல்லை. அம்மா சட்டி பானைகளைக்கூட மாற்றிவிட்டார். அதைப் பார்த்த அத்தை, நாமும் வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று போர்வை, திரைச்சீலை, மெத்தையுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். நாளை முதல் துவைப்பு.

நாள் 23

காலையில் காபியைக் குடித்த அத்தை, சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேனா என்று என்னைக் கேட்டார். நான் குடித்துப் பார்த்தேன். உப்புத்தான். வெறுந்தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். அதுவும் உப்பு. மேல் தொட்டியில் ஏதோ விழுந்திருக்கிறது என்று கணவர் ஏணி வைத்து ஏறினார். தொட்டியில் ஒன்றும் இல்லை. அப்போது பின்பாதியிலிருந்து அம்மா ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்காமல், அதை ஐயாவிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “உவர் ஏறீட்டுது” என்றார்.

கடந்த நான்கு நாளாக மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார். முதல் நாள் இரண்டு மணி நேரம். மறுநாள் மதியம் மகன் நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, முற்றத்து மண்ணெல்லாம் நனைந்தது. அதற்கு மறுநாள் நான் செடிகளுக்கு விட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை; என் குரல்தான் மெலிந்தது. “நான் பத்து நிமிசம் காணும் எண்டனான்” என்றார். பத்து நிமிடத்தில் காணும் என்றுதான் எங்களுக்கும் நினைவு. நாங்கள் விழிப்பதைக் கண்டு அம்மாதான் விளக்கினார். இங்கே காணும் என்றால் போதும். அவர் கணக்குப்படி எங்களுக்குத் தரப்பட்டது ஒரு நாளைக்கு இருபது நிமிட நீர். எங்கள் காதில் விழுந்ததோ ஒரு மோட்டாரின் வயது.

புனேயில் என்றால் இது நடந்திருக்காது. புரியாத மொழியில் ஒருவர் கிணற்றைக் காட்டி ஏதோ சொல்லியிருந்தால், பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டேன். சொல் தெரிந்ததாக இருந்ததால் கேட்கவில்லை.

நாள் 24

இரவெல்லாம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காலையில் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஐயா எங்களை உட்கார வைத்து, ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தேங்காயெண்ணெயை மெல்ல விட்டார். எண்ணெய் மிதந்தது. குடாநாட்டின் கதை இவ்வளவுதான் என்றார். மூன்று பக்கமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலத்தின் அடியில், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் கடல்நீர் புகுந்து நிற்கிறது. பெய்து இறங்கும் மழைநீர் அதைவிடக் கனம் குறைந்தது என்பதால், உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அதைத்தான் கிணறுகள் எட்டுகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இறங்கி நிற்கும். கோட்பாட்டுக் கணக்கு அது. மகிழ்ச்சி தரும் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சம் வரும்: மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உவர் நாற்பதடி ஏறி வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பக்கத்து நீர் வந்து இடத்தை நிரப்பும். ஒரேயடியாக இழுத்தால், பக்கத்திலிருந்து வருவதற்கு முன் அடியிலிருப்பது வந்துவிடும். மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்வது. இது ஆடி கடந்த சோளகக் காற்றுக் காலம், வில்லை மெலிந்து கிடக்கும் நேரம். கீரிமலையில் அத்தை கேட்ட கேள்விக்கும் விடை அந்தக் கோப்பையில்தான் இருந்தது: நிலத்துக்குள் தேங்கிய மழைநீர் கடலை நோக்கிக் கசிந்துகொண்டே இருப்பதால்தான் கடல் உள்ளே வராமல் நிற்கிறது.

எங்கள் ஊரில் தண்ணீர் என்பது ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்க வேண்டிய ஒன்று. திறந்தார்களா, எவ்வளவு திறந்தார்கள், கடைமடைக்கு வந்ததா என்பதே பேச்சு. வராத நீருக்காக மறியல் செய்வோம். வந்த நீரை அளந்து பார்த்த நினைவு எனக்கு இல்லை. தண்ணீருக்குப் பொறுப்பானவர் எப்போதும் ஆற்றின் மேற்பக்கத்தில் எங்கோ இருப்பார். இங்கே அவர் நம் காலடியிலேயே இருக்கிறார். அல்லது, நாமேதான் அவர்.

அதன்பின் ஐயா உள்ளே போய் உறுதியை எடுத்துவந்தார். எங்கள் பத்திரம்தான் இங்கே உறுதி. அவருடைய வளவைப் பற்றிய விவரங்களின் முடிவில், அடுத்த வளவில் இருக்கும் பழைய தோட்டக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், அதற்குப் போகும் வழி வாய்க்காலும் இந்தக் காணிக்கு உரியவை என்று எழுதியிருந்தது. கிணற்றைப் பங்கு பிரித்து எழுதுவது இங்கே வழக்கம். அண்ணன் தம்பிமார் முறைவைத்து இறைப்பார்களாம். எங்கள் ஏற்றம்போன்ற துலா இருந்த காலத்தில், ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் பாத்தி மாற்ற, உடம்பு களைத்த இடத்தில் இறைப்பும் நின்றது. மோட்டாருக்குக் களைப்பில்லை என்பதே தொல்லை என்று அவர் சொன்னபோது, எங்களை மன்னித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. அம்மா அவ்வளவு எளிதில் விடவில்லை. இரண்டு நாள் எங்களோடு அளந்துதான் கதைத்தார். அது நியாயம்தான்.

“இப்ப என்ன செய்யிறது ஐயா?” என்று மகள் கேட்டாள். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “ஒண்டும் செய்யக்கூடாது பிள்ளை. ஊறட்டும்” என்றார்.

நாள் 26

மோட்டாரின் இணைப்பை ஐயா கழற்றிவிட்டார். கயிறும் வாளியும்தான். குடிக்கவும் சமைக்கவும் எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு குடம். மற்றதற்கெல்லாம் எங்கள் கிணற்றில் மேலாக அள்ளுவது. வாளியை ஆழமாக விடாமல், நீர்முகத்தில் சாய்த்து நிரப்பக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆயிற்று. குளிக்க ஆளுக்கு மூன்று வாளி என்று மகன் ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறான்; அவன் அப்பா நான்காவது வாளியை எடுத்தபோது கிணற்றடியிலிருந்தே கத்தினான். குளித்த நீர் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகிறது. அது முதலிலிருந்தே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் கண்ணில் பட்டது.

நாள் 29

ஐயாவே எங்களை நிலாவரைக்கு அழைத்துப் போனார். புத்தூருக்குப் போகும் பாதையில், சுண்ணாம்புக் கல் இடிந்து உள்வாங்கியதால் உண்டான பெரிய கேணி. அடியே இல்லை என்பது ஊர்ப்பேச்சு. அளந்து பார்த்திருக்கிறார்கள் என்றும், அடி உண்டு என்றும், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதுதான் இதன் உண்மையான அதிசயம் என்றும் ஐயா சொன்னார். மகன் எண்ணெய்க் கோப்பையை நினைத்துக்கொண்டிருந்தான் போலும். இவ்வளவு பெரிய தம்ளரா என்று கேட்டான்.

திரும்பும் வழியெல்லாம் செம்மண். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும் விளையும் தோட்டங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பசளை என்னும் உரம் கூடிப்போனால் அதுவும் மழையோடு இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும் என்று, தம் வாழ்நாள் முழுவதும் பசளை போடச் சொல்லிக்கொடுத்தவர், சற்று வருத்தத்தோடு சொன்னார். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதையும் சொன்னார். முதலில் இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவர எண்ணியதாகவும், அங்குள்ள விவசாயிகள் எதிர்த்ததால் கடலுக்குத் திரும்பியதாகவும் அவர் விளக்கியபோது, காவிரிக்காரர்களாகிய எங்களுக்கு அந்தப் பகுதி மட்டும் விளக்கமில்லாமலே புரிந்தது.

நாள் 36

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்; நான் அருகில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கயிற்றால் கைகளில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஊரில் இப்படியெல்லாம் கஷ்டப்பட்டிருக்க மாட்டீர்கள் என்றார். “இரண்டு மாதம்தானே அம்மா, தற்காலிகமாகத்தானே” என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தாமல், “நாங்களும் ரெண்டு நாளைக்கெண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்” என்றார்.

1995 அக்டோபர் 30. இந்த வட்டாரமாகிய வலிகாமம் முழுவதும், போருக்குத் தப்பி, ஓரிரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இலட்சக்கணக்கானோர், ஒரு வீதி, மழை. அம்மா கையில் ஐந்து வயது மகன், ஐயாவின் சைக்கிளில் அரிசியும் ஒரு பாயும், சேலைக்குள் சுற்றிக் கட்டிய உறுதி. சாவகச்சேரிக்கு அப்பால், அறிமுகமில்லாத ஒருவர் வளவில் பதினேழு பேர் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். முன்பின் தெரியாத அந்த வீட்டுப் பெண்மணி, விடிந்ததும் முதல் வேலையாக இவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், இத்தனை வாளிதான் ஒரு குடும்பத்துக்கு என்று சொன்னாராம். தமக்கு அப்போது கோபம் வந்தது என்றார் அம்மா. பதினேழு பேருக்கும் கடைசிவரை அந்தக் கிணறு இனித்தது என்றும் சொன்னார். மறுவருடம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. அதை விட்டுவிட்டு, முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள்.

நான் அதன்பின் ‘தற்காலிகம்’ என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லவில்லை.

நாள் 41

நல்லூர்த் தேர். விடியற்காலையில் போய், கூட்டத்தில் மகனின் ஒரு செருப்பைத் தொலைத்து, தூக்குக் காவடிகளைப் பார்த்து அவன் பயந்து, பின் கச்சான் வாங்கிக் கொடுத்ததும் தேறினான். நம் ஊர் வேர்க்கடலைக்கு இங்கே கச்சான் என்று பெயர். எங்களுக்குக் கச்சான் மேற்குக் காற்று. மகள் பாவாடை தாவணியில் போனதை மூன்று பாட்டிமார் நிறுத்திப் பார்த்து, வடிவாக இருக்கிறது என்றார்கள்.

நாள் 47

பனம்பழம் விழும் காலம். விடியுமுன் பிள்ளைகள் எதிர்வீட்டுச் சிறுமியோடு பனந்தோப்புப் பக்கம் ஓடிப் பொறுக்கி வருகிறார்கள். அந்தப் பந்துச் சண்டை மறந்துவிட்டது. பழத்தைச் சுட்டுப் பிசைந்து எடுத்த களியில் மாவும் சர்க்கரையும் சேர்த்து அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டார். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மகன் அவரை இப்போது அப்பம்மா என்று கூப்பிடுகிறான். இங்கே அப்பாவின் அம்மா அப்பம்மா, அம்மாவின் அம்மா அம்மம்மா. யாருடைய பாட்டி என்ற குழப்பத்துக்கே இடமில்லை. கும்பகோணத்துப் பாட்டி என்ற பதவி போனதில் அத்தைக்கு முதலில் வருத்தம் இருந்தது. இன்று எதிர்வீட்டுச் சிறுமியும் அப்பம்மா என்று அழைத்ததும் அது தீர்ந்துவிட்டது.

கொட்டைகளை வீசாமல் பாத்தியில் புதைத்தார்கள். கிழங்கு வர மாதங்கள் ஆகும்.

நாள் 58

ஐயா காலையில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்து, குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றார். ஐப்பசி மழை இறங்கினால்தான் முழுவதும் மாறும். அப்போது நாங்கள் இருக்க மாட்டோம். எங்களுக்குப் பின் முன்பாதிக்கு வரப்போகும் குடும்பத்துக்கு மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘பத்து நிமிடம் போதும். காணும்.’ இரண்டு சொல்லும் இருக்கட்டும் என்று மகள்தான் சொன்னாள். வாடகைக் கணக்கில் கிணற்றுக்காக ஏதாவது கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கணவர் கேட்டபோது, ஐயா முதல்முறையாகச் சற்றுக் கடுமையாக மறுத்தார். கேட்டிருக்கக்கூடாது.

நாள் 59

நாளைக்குக் கப்பல் இல்லை. கடலில் காற்று அதிகமாம். கட்டிய பெட்டிகளைத் திரும்பவும் அவிழ்த்தோம். செய்தியைக் கேட்டதும் அம்மா, “அப்ப ஆறுதலாப் போகலாம்” என்று சொல்லிவிட்டு இடியப்ப உரலைக் கழுவினார். அவசரமில்லாமல் செய்வதுதான் இங்கே ஆறுதல்.

இரவு இரு வீட்டாரும் பின்விறாந்தையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல். அம்மா பரிமாறிக்கொண்டே வந்து அத்தையின் தட்டில் ஆறாவது இடியப்பத்தை வைக்கக் குனிந்தபோது, அத்தை தட்டைக் கையால் மூடிக்கொண்டு, “காணும், காணும்” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் ஐயா சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மூடியிருந்த கையை மெல்ல விலக்கிவிட்டு, அம்மா அந்த இடியப்பத்தை வைத்தே விட்டார்.